ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவன்

"மாமா, நீ ஃபோனைப் பாக்கறப்போ ரோட்டை யாரு பாக்கறா?"

போன தசராவுக்கு, உப்பல் சிக்னலைத் தாண்டிய இடத்தில், பின் சீட்டில் முட்டி போட்டு நின்றுகொண்டு ரக்ஷிதா இதைக் கேட்டாள். ரஞ்சனுடைய அக்கா ஹம்சாவின் மகள். ஐந்து வயது முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. வீட்டில் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற குழந்தை, இந்தக் கேள்வியை மட்டும் ஒரு சொல் பிசகாமல் தமிழில் கேட்டாள்.

ரஞ்சனின் ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது. மற்றொரு கையின் கட்டைவிரல் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தது. அவன் தலையை நிமிர்த்தாமலே சிரித்தான்.

"வேற யாராவது பாத்துப்பாங்க."

குழந்தை அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்தாள். பெரியவர்கள் யோசிக்காமல் சொல்வதையும் குழந்தைகள் நம்பிவிடுகிறார்கள். அன்று அதை நம்பிக்கொண்டு கேட்டிருந்தது அவள் மட்டும்தானா என்பதை ரஞ்சன் பிற்பாடுதான் யோசித்தான்.

மறுநாள் காலை காரில் மணி அடிக்க ஆரம்பித்தது.

முன்சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி. இடது பக்க சீட்டில் ஆள் இல்லை. ஒரு பை கூட இல்லை. மெட்டுகூடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸ் தெருவைத் தாண்டுவதற்குள் அது நின்று நின்று அடித்து, பிறகு விடாமல் அடித்தது. பழைய காரை அப்பா தலையில் கட்டிய தரகரை ரஞ்சன் மனசுக்குள் திட்டினான். அப்பாவையும் சேர்த்துத் திட்டினான். லாலாகூடா பட்டறையில் ரயில் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தே வாழ்க்கையை ஓட்டியவருக்கு ஒரு நல்ல கார் பார்த்து வாங்கத் தெரியவில்லை. தார்னாகாவில் நிறுத்தி, எல்லோரும் செய்கிற தந்திரத்தையே செய்தான். காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து, குறுக்கே விட்டு, பூட்டில் செருகினான். மணி நின்றது.

பெல்ட் தொய்ந்து சீட்டோடு ஒட்டிக்கொள்ளவில்லை. நெஞ்சு இருக்க வேண்டிய உயரத்தில் அது கொஞ்சம் புடைத்து நின்றது. ரஞ்சன் அதைப் பார்த்தான், ஆனால் கவனிக்கவில்லை. கையில் ஃபோன் அதிர்ந்தது.

ரஞ்சனுக்கு உலகத்தில் மதிப்பு வைக்கத் தகுந்தவர்கள் மிகக் குறைவு. ஆட்டோக்காரர்கள் மூளையில்லாதவர்கள். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு இடது ஓரமாகப் போகிறவர்கள் பயந்தாங்கொள்ளிகள். கல்லூரிக்கு வந்து, வண்டி ஓட்டும்போது ஃபோன் வேண்டாம் என்று பேசிவிட்டுப்போன போலீஸ் அம்மாவை அவன் மேசைக்கடியில் வீடியோ எடுத்து, அதற்குக் கழுதை கத்துகிற சத்தம் சேர்த்து அனுப்பியிருந்தான். முந்நூறு பேர் சிரித்தார்கள். தினமும் காலையில் அம்மா பாமா வாசல் வரை வந்து, காரின் மூக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பாத்து வா" என்பாள். அதற்கு அவன் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. தொட்டுக் கும்பிட இது கோயில் யானையா என்று ஒருதரம் கேட்டிருக்கிறான்.

அவன் படித்த பல்கலைக்கழகம் வெளிவட்டச் சாலைக்கு அப்பால், ஓர் ஏரிக்கரையின் மறுபுறம் இருந்தது. அங்கே வருகைப் பதிவு ஃபோனில். ஒன்பது மணிக்கு ஆசிரியர் நாலு இலக்க எண் ஒன்றைப் பலகையில் காட்டுவார். இரண்டு நிமிடத்துக்குள் அதைத் தட்ட வேண்டும். ஃபோன் கல்லூரி எல்லைக்குள் இருந்தால்தான் அது எண்ணை ஏற்கும். எல்லையை வரைந்தவர் வட்டத்தைத் தாராளமாகப் போட்டுவிட்டார். வட்டத்தின் விளிம்பு கல்லூரி வாசலைத் தாண்டி, வெளியே ஏரிக்கரை வளைவில் விழுந்தது. வகுப்பில் இருக்கிற ஒரு நண்பன் எண்ணை அனுப்புவான். தாமதமாக வருகிறவர்கள் அத்தனை பேரும் சரியாக அந்த வளைவில் தலையைக் குனிந்து எண்ணைத் தட்டுவார்கள்.

ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் பனைமரங்கள். சாலை இரண்டுக்கும் நடுவே கொக்கி போல வளைகிறது. காலை ஒன்பது மணிக்கு அந்த வளைவில் வருகிற இருபது முப்பது கார்களிலும் ரோட்டைப் பார்க்கிற கண் ஒரு ஜோடி கூட இருக்காது. ஆண்டுக்கு மூன்று லட்சம் கட்டிப் படிக்கிற பிள்ளைகள். இதைக் கண்டுபிடித்ததற்காகத் தங்கள் புத்தியைத் தாங்களே மெச்சிக்கொண்டார்கள்.

தசராவுக்கு முந்தின ஆடி மழையில், அந்த வளைவில்தான் ரஞ்சனோடு படித்த யோகேஷ் பனைமரத்தில் மோதிச் செத்தான்.

அன்று அவனுக்கு எண்ணை அனுப்பியது ரஞ்சன். நாலு இலக்கத்தை அனுப்பிவிட்டு, 'சீக்கிரம் ரே' என்றும் அனுப்பியிருந்தான். அந்தச் செய்தியின் பக்கத்தில் இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. படித்துவிட்டான். அவ்வளவுதான்.

மல்லாபூரில் யோகேஷ் வீட்டுக்கு வகுப்பே போனது. ரஞ்சன் போகவில்லை. அன்று லேப் இருந்தது என்று சொன்னான். கேன்டீனில் உட்கார்ந்து, ஓட்டத் தெரியாதவனுக்கெல்லாம் லைசன்ஸ் கொடுத்தால் இப்படித்தான் என்றும் சொன்னான். பக்கத்தில் இருந்த உமேஷ், சமோசாவைப் பிட்டுக்கொண்டே, "ஹவ் ரே" என்று தலையாட்டினான்.

முதலாண்டில் ரஞ்சன் ஹாஸ்டலில் இருந்தபோது டெங்கு வந்தது. சின்ன ஆஸ்பத்திரி, ஒரே நர்ஸ், முப்பது படுக்கை. இரவெல்லாம் குளுக்கோஸ் ஏறியது. பாட்டில் தீர்ந்தால் ஆள் போய்ச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் குழாயில் ஏறிவிடும் என்று நர்ஸ் பயமுறுத்திவிட்டுப் போனாள். அப்போது பழக்கமே இல்லாத யோகேஷ், பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் உடம்பில் எப்போதும் டெட்டால் சோப்பு வாசனை வரும். குழாயில் சொட்டு விழுவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ தூங்கு, நான் பாத்துக்கறேன். அடுத்த தடவை உன் டர்ன்" என்றான்.

விடியும்வரை பார்த்தான். அடுத்த ஆண்டு அவனுக்கே காய்ச்சல் வந்து, ராத்திரி கொஞ்சம் வந்து உட்காரேன் என்று கேட்டபோது, ரஞ்சன் ஒரு கரடி பொம்மை கும்பிடுகிற படத்தை அனுப்பிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

பெல்ட்டைப் பூட்டிய பிறகு வந்த முதல் வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. ஏரிக்கரையில் எண்ணைத் தட்டிவிட்டுத் தலையை நிமிர்த்தினால் வளைவு முடிந்திருக்கும். கார் நடு ரோட்டில், பிசகில்லாமல், வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியதாக அவனுக்கு ஞாபகம் இருக்காது. உள்ளங்கைக்கு அடியில் ஸ்டியரிங் தானாக நழுவுவது போல, பேருந்தில் பக்கத்து ஆள் கம்பியைப் பிடிக்கும்போது நம் கை லேசாக உணர்வது போல, ஓர் அசைவு மட்டும் தங்கியிருக்கும். கண்ணாடிகள் ஏற்றிய காருக்குள் மழையே இல்லாத நாளில் எங்கோ சொட்டு விழும் சத்தம் கேட்கும்.

சொட்டு. கொஞ்ச நேரம். சொட்டு.

ஏ.சி. தண்ணீர் என்று நினைத்தான். டெட்டால் வாசனையை, முன்பு இந்தக் காரை வைத்திருந்தவன் ஆஸ்பத்திரிக்காரனாக இருப்பான் என்று நினைத்தான். இப்படி ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல முடிகிற வரைக்கும் மனுஷன் தைரியசாலிதான்.

மார்கழி பிறந்து, ஏரியிலிருந்து பனி எழுந்து சாலையை மூடிய ஒரு காலை, அவன் வழக்கம்போல் ஸ்டியரிங்குக்குப் பின்னால் தன் முகத்தைப் படம் எடுத்து நண்பர்கள் குழுவுக்கு அனுப்பினான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் எடுத்த படம் என்பது அதன் பெருமை. உமேஷிடமிருந்து உடனே பதில் வந்தது.

'பக்கத்துல கோன் ரே?' பக்கத்தில் யாருடா என்று.

கல்லூரி வாகன நிறுத்தத்தில் காரை நிறுத்திவிட்டு, அவன் அந்தப் படத்தை விரலால் விரித்துப் பார்த்தான். தன் முகம். தோளுக்குப் பின்னால் கண்ணாடி, வெளியே வெள்ளைப் பனி. படத்தின் இடது ஓரத்தில், பெல்ட் குறுக்கே ஓட, ஒரு கன்னத்தின் பக்கவாட்டு. அது கேமராவைப் பார்க்கவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கண் தெரிந்தது. அகலத் திறந்த கண். அதன் வெள்ளை முழுவதும் செம்மண் நிறம். இமை ஓரம் வெயிலில் காய்ந்த தோல் போல உரிந்திருந்தது. எத்தனையோ நாளாக ஒருமுறை கூட மூடாத கண் அது.

அவன் ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். இடது பக்கம் திரும்பினான்.

காலி சீட். புடைத்த பெல்ட்.

அன்று மாலை அவன் காரைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தான். பிறகு ஒரு வாரம் ஓட்டினான், ஃபோனை டிக்கியில் போட்டுவிட்டு. அந்த வாரம் சொட்டுச் சத்தம் இல்லை. வாசனை இல்லை. பெல்ட் சீட்டில் தொய்ந்து கிடந்தது. அவன் தானே பார்த்து ஓட்டினால் பக்கத்தில் வேலை இல்லை என்பது ஒரு குழந்தைக்கும் புரிந்திருக்கும். அந்த ஒரு வாரத்தோடு எல்லாம் முடிந்திருக்கலாம். கடவுள் கதவைத் திறந்துதான் வைத்திருந்தார்.

ரஞ்சனுக்குப் புரிந்ததோ வேறு மாதிரி. பயம் நாலு நாளில் தேய்ந்தது. அது இருந்த இடத்தில் பழைய இளக்காரம் வந்து உட்கார்ந்தது. அந்தப் பக்கவாட்டு முகம் யாருடையது என்று அவனுக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோது ஒரு வளைவைத் திருப்பத் தெரியாத பயல், செத்த பிறகு நன்றாக ஓட்டுகிறான். பெட்ரோல் கேட்பதில்லை, சம்பளம் கேட்பதில்லை. நல்ல டிரைவர். இதை நினைத்து அவன் வாய்விட்டே சிரித்தான்.

எட்டாவது நாள், வீட்டுத் தெரு திரும்பியதும் ஃபோனை எடுத்தான். இடது பக்கம் பார்க்காமலே, "பாத்துக்கோ டா" என்றான்.

சொட்டு, என்றது பக்கத்து சீட்.

அதன் பிறகு வளைவில் மட்டும் இல்லை, ஹப்சிகூடாவில், உப்பல் மேம்பாலத் தூண்களுக்கு நடுவில், வெளிவட்டச் சாலை இறக்கத்தில், அவன் விரும்பிய இடத்திலெல்லாம் குனிந்தான். வீடியோ பார்த்தான். இரண்டு கையாலும் தட்டித் தட்டிச் சண்டை போட்டான், யாரோ தெரியாதவனோடு, ஏதோ நடிகனைப் பற்றி. நிமிரும்போதெல்லாம் கார் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. திருப்பங்கள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமாயின. முதலில் ஒரு கை அகலம். பிறகு ஒரு சக்கர அகலம். ஒருநாள் காலை நிமிர்ந்தபோது கீரைக்கட்டு ஏற்றிய சைக்கிள்காரர் ஒருவர் காரின் இடது கண்ணாடியை உரசிவிட்டுச் சரிந்து நின்றார். அவர் வாயைத் திறந்து எதுவோ சொல்வது தெரிந்தது. ரஞ்சன் ஹாரன் அடித்தான்.

சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே வந்ததை அவன் கவனிக்கவில்லை. பாட்டில் தீரப்போகும்போது அப்படித்தான் ஆகும். அவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

சங்கராந்திக்கு முந்தைய சனிக்கிழமை கல்லூரியில் பட்டம் விடுகிற விழா. குழந்தையைக் கூட்டிப்போ, என்னை நச்சரிக்கிறாள் என்று ஹம்சா கேட்டுக்கொண்டாள். கிளம்பும்போது அம்மா காரின் மூக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சனிக்கிழமை என்பதால் புதிதாக வாங்கிய எலுமிச்சை மிளகாய்ச் சரத்தையும் கட்டினாள். "குழந்தை இருக்கா. பாத்து வா" என்றாள். வழக்கத்தை விட இரண்டு வார்த்தை அதிகம். ரஞ்சன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

பகலெல்லாம் ரக்ஷிதா சிவப்புப் பட்டம் ஒன்றோடு ஓடினாள். உமேஷ் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நூல் விட்டான். சூரியன் ஏரிக்குப் பின்னால் இறங்கி, வானம் பழுத்து, கருக்க ஆரம்பித்தபோது ரஞ்சனும் குழந்தையும் காருக்கு வந்தார்கள். முன்சீட்டுக்காக எப்போதும் அழுகிற குழந்தை, தானே பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"முன்னாடி வரல?" என்றான்.

"நக்கோ, வேணாம். அங்க அந்த அண்ணா இருக்காரே."

ரஞ்சனின் கை சாவியில் நின்றது. வெளியே பையன்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடியது. காருக்குள் டெட்டால் வாசனை, இதுவரை இல்லாத அளவுக்கு, தொண்டையில் கசக்கும்படி இருந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை. நாள்பட்ட ஈரத்துணி. அவன் இடது பக்கம் திரும்பவில்லை. சாவியைத் திருகினான். ஃபோனை எடுத்து, திரை கீழே இருக்கும்படி, தன் மடியில் கவிழ்த்தான். இன்றைக்கு மட்டும் தொட மாட்டேன். குழந்தை இருக்கிறாள். வீடு வரைக்கும் தொட மாட்டேன்.

கல்லூரி வாசலைத் தாண்டியதும் வெளிச்சம் தீர்ந்தது. ஏரியிலிருந்து பனி ரோட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. விளக்கு வெளிச்சம் பத்தடி போய் அதில் கரைந்தது.

"மாமா" என்றது பின்னாலிருந்து தூக்கக் கலக்கமான குரல். "அவருக்குக் கண்ணு எரியுதாம்."

அவன் ஹெட்லைட்டை உயர்த்திப் போட்டான்.

"மூடக்கூடாதாம். நீ பாக்கலேன்னா அவர் பாக்கணுமாம். ரொம்ப நாளாச்சாம்." கொட்டாவி. ஒரு சின்ன உடம்பு சீட்டில் சரியும் சத்தம். "இப்போ உன் டர்ன்னு சொல்றாரு."

கண்ணாடியில் பார்த்தான். பட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தாள். பெல்ட் போட்டுவிட மறந்திருந்தான்.

சொட்டு.

நிறுத்த வேண்டும். நிறுத்திப் பெல்ட் போட்டுவிட வேண்டும். ஓரத்தில் இடமில்லை. வளைவு தாண்டி நிறுத்தலாம். வளைவு முன்னால் இருந்தது. பனையின் கறுப்பு உருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பனியிலிருந்து வெளியே வந்தன. அந்த ஒரு வாரம் போக, மூன்று மாதமாக இந்த வளைவை அவன் ஒருதடவை கூடத் தானாகத் திருப்பியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கே ஆரம்பிக்கிறது? கைக்குத் தெரியவில்லை.

மடியில் ஃபோன் அதிர்ந்தது.

அவன் பார்க்க விரும்பவில்லை. சத்தியமாக விரும்பவில்லை. கழுத்து தானாகக் குனிந்தது. மணி அடித்தால் வாய் ஊறுகிற நாயைப் போல, அவன் வாழ்நாளெல்லாம் பழக்கி வைத்த கழுத்து. உமேஷ் அனுப்பிய படம். தோளில் குழந்தை, கையில் சிவப்புப் பட்டம். அவ்வளவுதான். அதைப் பார்க்க எடுத்துக்கொண்டது ஒரு மூச்சு நேரம். இத்தனை நாள் எல்லோரையும் இளக்காரமாகப் பார்த்தவன், அந்த ஒரு மூச்சில் தன்னைப் பார்த்தான். துப்ப வேண்டும் போலிருந்தது.

சொட்டு விழவில்லை.

காத்திருந்தான். விழவில்லை.

இடது பக்கம் திரும்பினான்.

யோகேஷின் தலை பெல்ட்டின் மேல் சரிந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. உரிந்த இமைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கடைசியில், இறுக, மூடியிருந்தன.

ரோட்டை யாரும் பார்க்கவில்லை.

முன்னால் பனைமரம். அடிமரத்தில் ஆடியில் விழுந்த பழைய வெட்டுக்காயம். எதிரே மங்கலாக ஒரு ஸ்கூட்டர் விளக்கு. மூன்று தலைகள். ஸ்டியரிங் கல்லாக இறுகியிருந்தது. பிரேக் கால் அடியில் இல்லை. காற்றை மிதித்தான். பின்னால் குழந்தையின் மூச்சு. சின்ன, சீரான மூச்சு.

அவன் கும்பிட்டுப் பழகியவன் இல்லை. கேட்டுப் பழகியவனும் இல்லை. வாயில் வந்தது ஒன்றுதான். அவனுக்கு யாரோ சொன்னது. அவன் யாருக்கும் சொல்லாதது.

"யோகேஷ். நீ தூங்கு. நான் பாத்துக்கறேன்."

கிளிக்.

பெல்ட் கழன்ற சத்தம். யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். டெட்டால் வாசனை கலைந்து, ஜன்னல் திறந்திருந்தால் வருகிற ஏரிக்காற்று போல ஒன்று முகத்தில் பட்டது. ஸ்டியரிங் இளகியது. கார் திரும்பியது. பனைமரம் வலது பக்கம் போயிற்று, ஸ்கூட்டர் போயிற்று. மூன்று பேரும் இவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் பார்த்து ஓட்டினான். வாழ்க்கையில் முதல்முறையாக ரோட்டை முழுக்கப் பார்த்தான். ஓரத்தில் உறங்கும் நாய். உப்பலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோடு கடக்க நின்ற பெண். அவளுக்காக நிறுத்தினான். அவள் தலையசைத்துவிட்டுக் கடந்தாள். காரைப் பார்த்துத்தான் தலையசைத்தாள். அவனைப் பார்த்து இல்லை.

ஹப்சிகூடா வந்தபோது கண் எரிந்தது. இமைக்க முயன்றான்.

இமை இறங்கவில்லை.

தார்னாகாவில் கழுத்தைத் திருப்ப முயன்றான். திரும்பவில்லை. ரோட்டை மட்டும் பார்க்க முடிந்தது. ஸ்டியரிங் எங்கோ தள்ளி இருந்தது. தன் வலது பக்கத்தில், கையை நீட்டினால் விரல் மட்டும் எட்டுகிற தூரத்தில். மார்பின் குறுக்கே ஏதோ இறுக்கியது. பார்க்காமலே அவனுக்குத் தெரிந்தது என்னவென்று.

டிரைவர் சீட்டில் ஆள் இல்லாமல் கார் மெட்டுகூடா தெருவில் மெதுவாக வந்து வாசலில் நின்றது. தெருவில் அப்போது யாரும் இல்லை.

ஹம்சா வந்து பின்கதவைத் திறந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். டிரைவர் சீட்டில் ஒளிர்ந்துகொண்டிருந்த ஃபோனைப் பார்த்தாள். குழந்தையைத் தனியா விட்டுட்டு எங்க போய்த் தொலைஞ்சான் என்றாள். இடது சீட்டை நேராகப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். அக்கா, என்று அவன் கூப்பிட்டான். காருக்குள் ஒரு சொட்டு விழும் சத்தம் கேட்டது.

போலீஸ் தேடியது. ஏரியில் வலை போட்டார்கள். பாமா இப்போதும் காலையில் வாசலுக்கு வருகிறாள். நிற்கிற காரின் மூக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். பாத்து வா, என்கிறாள். அந்தக் காரில் யாரும் இல்லை.

மாசி மாதத்துக் காலை. ஒன்பது அடிக்கப் போகிறது. வெளிவட்டச் சாலைக்கு அப்பால், ஏரிக்கரை ரோட்டில், உமேஷ் தன் புதுக் காரில் தனியாக வருகிறான். இடது பக்க சீட்டுக்கு மணி அடிக்கிறது. விடாமல் அடிக்கிறது. அவன் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே, ஓட்டியபடியே ஒரு கையால் காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து, குறுக்கே விட்டு, பூட்டில் செருகுகிறான்.

மணி நிற்கிறது.

ஃபோன் அதிர்கிறது. நாலு இலக்கம். உமேஷ் குனிகிறான்.

வளைவில், கீரைக்கட்டு ஏற்றிய சைக்கிள் ஒன்று ஓரமாக வருகிறது. அதை மிதிக்கிறவர் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வருகிறார். காரைப் பார்க்கவில்லை.

பெல்ட்டுக்குப் பின்னால் இருப்பவன் அவரைப் பார்க்கிறான். கண் எரிகிறது. மூட முடியாது. வெயில் நேராக உள்ளே விழுகிறது. அவன் வலது கையை நீட்டுகிறான். ஒரு விரல்தான் எட்டுகிறது. ஸ்டியரிங்கின் அடியில் அந்த விரலை வைத்து, நெல்மணி அளவு, தள்ளுகிறான்.

சைக்கிள் கடந்து போகிறது. பாட்டு நிற்கவில்லை. உமேஷ் எண்ணைத் தட்டிவிட்டு, அடுத்து வந்த எதையோ பார்த்துச் சிரிக்கிறான். இன்னும் நிமிரவில்லை.

பின்னால், அடுத்த கார் வளைவுக்கு வந்துகொண்டிருக்கிறது. அதற்குள்ளும் மணி அடிக்க ஆரம்பிக்கிறது.